ஒட்டிவெச்ச பக்கம்

இல்லக்கா, பாப்பா அழுதா ஒண்ணும் பிரச்சனையே இல்ல. சத்தமா அழுவா, அதுவா ஓஞ்சிடும். அழாம உதட்ட மட்டும் பிதுக்கிட்டு சுவத்தப் பாத்து நின்னான்னா, அப்பதான் நீங்க கிட்டப் போகணும். பையில மாத்து டிரஸ் இருக்கு. நீலத் துணி அவ தூங்குறப்போ. போத்துறதுக்கு இல்ல, மோந்து பாக்குறதுக்கு. ஆமாக்கா, அழுக்காத்தான் இருக்கு, வேணும்னேதான் தொவைக்கல. தொவைச்சா அவளுக்கு அடையாளம் தெரியாது. அப்புறம் காது. சொல்லிட்டேனா? தூக்கம் வந்தா யாரு காதையாவது புடிச்சுக்கணும். உங்க காதக் குடுக்க முடியலன்னா அவ காதையே எடுத்து அவ கையில குடுத்துடுங்க. கொஞ்சம் மொறைப்பா, அப்புறம் ஒத்துக்குவா.

போறேன்கா. இதோ கெளம்பிட்டேன். கடை பத்து மணிக்குத்தான் தெறக்கணும், நேரம் இருக்கு. கண்ணாடிக் கடைதான். தாடைய இதுல வைங்க, நேராப் பாருங்க, இப்போ தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா, அப்படின்னு ஒருத்தி கேட்டு உயிர எடுப்பா இல்ல, அது நான்தான். இவ பொறந்ததுலேருந்து போகல. சார் இன்னமும் என் எடத்த வெச்சிருக்காரு, நல்ல மனுஷன். இன்னிக்குத்தான் முதல் நாள். இவளுக்கு உங்க கிரெஷ்ல முதல் நாள், எனக்குக் கடைல முதல் நாள். யாரு முதல்ல அழுவாங்கன்னு பாக்கலாம்.

நீங்க சிரிக்கிறீங்க. எல்லா அம்மாவும் முதல் நாள் இப்படித்தான் வாசல்ல நிப்பாங்கன்னு சொல்றீங்க. நிப்பாங்கதான். பாருங்க, இன்னொரு அம்மா வராங்க, நான் ஓரமா நின்னுக்கிறேன், நீங்க அந்தப் பையன வாங்கிக்கோங்க.

அவ்ளோதானா? ஒரு முத்தம், ஒரு டாட்டா, செருப்புச் சத்தம் தெருமுனைல போயிருச்சு. திரும்பிக்கூடப் பாக்கலியேக்கா அவங்க. பழகிடுச்சா? ஒரு வருஷமா விடுறாங்களா? ம். பையனும் கண்டுக்கல பாருங்க, நேரா வெளையாட்டுக் கட்டைப் பெட்டிக்குப் போயிட்டான்.

ஐயோ, அந்தப் புக்க எடுத்துட்டாளா பையிலேருந்து? குடுடி வாலு, அது உன்னோடது இல்ல, கிழிச்சுடுவ. மன்னிச்சுக்கோங்கக்கா, அவசரத்துல என் பையில வைக்க வேண்டியத இவ பையில வெச்சுட்டேன். படம் இல்ல அதுல. அட்டைல மட்டும்தான். குதிரைதான், ஆனா சும்மா குதிரை இல்ல, நெத்தில ஒத்தைக் கொம்பு இருக்கும் பாருங்க. அழிஞ்சு போச்சு அந்த எடத்துல, பாக்க கட்டு அறுந்த கழுதை மாதிரி இருக்கு. ஏழு புக்கு இருக்கு அந்த வரிசைல. இது கடைசி. சின்னப் புள்ளைங்க படிக்கிறதுதான். எனக்கென்ன இந்த வயசுலன்னு கேக்குறீங்களா? நான் இத சின்ன வயசுல முடிக்கலக்கா. முடிச்சேன்னு நெனச்சிட்டிருந்தேன். போன ஞாயித்துக்கெழமை மத்தியானம் இவ தூங்குறப்போதான் நெசமா முடிச்சேன்.

அதெப்படின்னா, நான் கான்வென்ட்ல ஆஸ்டல்ல இருந்து படிச்ச பொண்ணு. அங்க லைப்ரரிய பாத்துக்கிட்ட சிஸ்டருக்கு நாங்க வெச்ச பேரு பசை சிஸ்டர். புதுசா எந்தக் கதைப்புக்கு வந்தாலும் முதல்ல அவங்க படிப்பாங்க. அட்டையிலேருந்து அட்டை வரைக்கும், உதட்ட அசைச்சுக்கிட்டே. எங்கயாவது முத்தம் கித்தம் வந்துச்சோ, முடிஞ்சுது. கிழிக்க மாட்டாங்க. புக்க கிழிக்கிறது பாவம். மைதா மாவக் காய்ச்சி, அந்த ரெண்டு பக்கத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மேல இஸ்திரிப் பொட்டிய வெச்சுடுவாங்க. படிச்சுட்டே வருவோம், ராஜகுமாரன் கிட்ட வருவான், கையப் புடிப்பான், அடுத்த பக்கம் தடியா அப்பளம் மாதிரி இருக்கும். அதுக்கு அடுத்த பக்கத்துல ரெண்டு பேரும் தூரமா நின்னு டீ குடிச்சிட்டிருப்பாங்க. கதைல பொறக்குற புள்ளையெல்லாம் பசைக்குள்ளதான் பொறக்குதுன்னு நாங்க ரொம்ப நாள் நம்பிட்டிருந்தோம்.

அப்படி இருக்குறப்போ இந்தக் குதிரைப் புக்கு. இதுல ஒட்டுறதுக்கு என்ன இருக்கும் சொல்லுங்க? ஆறு புக்கு வரைக்கும் ஒரு பக்கம் ஒட்டல. கதை என்னன்னா, ஒரு குட்டி. அந்தக் கூட்டத்துல அம்மா வந்து நெத்திய நக்கி விட்டாத்தான் குட்டிக்குக் கொம்பு மொளைக்கும். மொளைக்கிறதுக்கு முன்னாடியே அதோட அம்மா அத ஒரு ஆத்தோரமா, ஒரு கெழட்டு ஆட்டுகிட்ட விட்டுட்டுப் போயிடும். இங்கயே இரு, பனி எறங்குறதுக்குள்ள வந்துடுறேன்னு. பனி எறங்கும், உருகும், மறுபடி எறங்கும். அம்மா வராது. குட்டி வளந்துடும், கொம்பு மட்டும் கெடையாது. மத்ததெல்லாம் அத மொட்டைன்னு கூப்புடும். ஒவ்வொரு புக்குலயும் மொட்டை ஏதாவது சாகசம் பண்ணும், நெருப்புக் காட்டத் தாண்டும், திருடனுங்ககிட்ட மாட்டும். ஆனா முடியுறப்போ எப்பவும் அந்த ஆத்தோரத்துக்கே ஓடி வந்துடும். ஏன்னா அம்மா வந்து பாத்துட்டு, காணோமேன்னு திரும்பிப் போயிடக்கூடாது பாருங்க.

எனக்கு அந்தக் குதிரைன்னா உசுரு. ஆறு வயசுல சேத்தாங்க என்ன அங்க. எங்கம்மாவுக்கு வெளியூர்ல வேலை அமைஞ்சுது, எடம் பாத்து செட்டிலானதும் வந்து கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. லீவுக்கு மாமா வீட்டுக்குப் போவேன். மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழமை பேரண்ட்ஸ் வர்ற நாள். காலைல ஜெபம் முடிஞ்சதும் தலைய வழிச்சு சீவி, ரிப்பன் கட்டி, பெரிய கேட்டுக்கு எதுத்தாப்புல சிமென்ட் பெஞ்சுல உக்காந்துக்குவோம். அந்தப் பெஞ்சுல உக்காந்துதான் ஆறு புக்கும் படிச்சேன்.

ஏழாவது புக்கு வந்தப்போ எனக்குப் பத்து வயசு. கடைசில ஒரு பக்கம் ஒட்டியிருந்துச்சு. அதுவும் எப்படி, வழக்கமா ஓரத்துல மட்டும் பசை தடவுவாங்க, இதுல முழுசா. ஆஸ்டல் பூரா ஒரே ஆராய்ச்சி. குதிரைக்குக் கல்யாணம்னா ஒருத்தி. முத்தம்தான்டின்னா இன்னொருத்தி. குதிரை எப்படிடி முத்தம் குடுக்கும்னா, டிரஸ் இல்லாம இருக்கும்டி, அதான் சிஸ்டர் ஒட்டிட்டாங்கன்னா. அது என்னைக்குடி டிரஸ் போட்டுச்சுன்னு கேட்டு சண்டையே ஆயிருச்சு.

எனக்கு ஒரு அக்கா மாதிரி ஒருத்தி இருந்தா அங்க, பூனைக்கண்ணின்னு கூப்புடுவோம். என்னவிட நாலு வயசு பெரியவ. அவளுக்கு இஸ்திரி டியூட்டி. சிஸ்டருங்க அங்கியெல்லாம் தேச்சு மடிக்கணும். என் மொகத்தப் பாத்துட்டு, குடுடி அந்தப் புக்கன்னா. ஈரக் கைக்குட்டைய பக்கத்து மேல போட்டு, இஸ்திரிப் பொட்டிய தொட்டும் தொடாம வெச்சு, அந்த ஆவில பசைய எளக்கி, ஊதி ஊதிப் பிரிச்சுப் படிச்சிருக்கா. நான் கதவாண்ட காவல். என்னப் பாக்க விடல. திரும்ப அழகா ஒட்டிக் கொண்டாந்து, மொட்டையோட அம்மா வந்துடுச்சுடின்னா. நொண்டி நொண்டி வந்துச்சாம், கால்ல கண்ணி மாட்டியிருந்துச்சாம், அதனாலதான் இவ்ளோ வருஷமாம். வந்து நெத்திய நக்குனதும் டக்குன்னு கொம்பு மொளைச்சிருச்சாம். அப்படி ஒரு வெளிச்சமாம். அப்போ ஏன் சிஸ்டர் ஒட்டுனாங்கன்னு கேட்டேன். நக்குறது அசிங்கம் இல்லியாடி, அதான்னா. நம்பிட்டேன். பத்து வயசுதானே.

கேட்டப்புறம் எனக்கு ஒரு தெம்பு பாருங்க. ரெண்டாவது ஞாயித்துக்கெழமையானா மத்த புள்ளைங்கள்லாம் பெஞ்ச விட்டுட்டு வெளையாடப் போயிடும். நான் எழுந்திரிக்க மாட்டேன். பத்தாங்கிளாஸ் முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்கலக்கா. கண்ணி மாட்டியிருக்கும், அதான் லேட்டு, அப்படின்னுட்டு.

என் போன்தான். சார். எடுக்க வேணாம், இதோ போயிடுவேனே. நீங்க உக்காருங்கக்கா, எனக்காக எவ்ளோ நேரம் நிப்பீங்க. நான் கதவுக்கு வெளியதான் நிக்கிறேன், உங்களுக்கு எடைஞ்சல் இல்லியே? அந்தப் பாப்பா மூக்க நீங்க தொடைச்சு விடுங்க, நான் பேசிட்டே இருக்கேன்.

பழைய புக்குக் கடைல மொத்த செட்டும் கெடைச்சுது. இவளுக்குன்னு சொல்லித்தான் வாங்குனேன். ரெண்டரை வயசுக் குழந்தைக்குப் படம் இல்லாத புக்கு. யாரு கேக்கப் போறா வீட்டுல? இவ அப்பா கப்பல்ல எஞ்சின் ரூம்ல இருக்காரு, சிக்னல் கெடைச்சா பேசுவாரு, அதுவும் பாப்பாவக் காட்டு, பாப்பாவக் காட்டுன்னு. நானும் காட்டிட்டே நிப்பேன், போனப் புடிச்ச கை மட்டும்தான் என்னோடது. கீழ் வீட்டுக்காரங்க படில செருப்புச் சத்தம் கேட்டா கதவத் தெறந்து பாத்துட்டு சாத்திடுவாங்க. பேசுறதுன்னா இவகிட்டத்தான் பேசணும். இவ எல்லாத்துக்கும் வேணாம்னுவா. அதான் இப்போ உங்கள விட மாட்டேங்குறேன். பெரியவங்க காதுக்குப் பேசி எத்தனை நாள் ஆச்சோ.

ஒரு மாசமா, இவ மத்தியானம் தூங்குற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சேன். எல்லாம் அப்படியே இருந்துச்சு, அந்த ஆத்து மணல், கெழட்டு ஆட்டோட கொட்டாவி. ஏழாவது புக்கு கடைசிக்கு வந்துட்டேன். இந்தப் புக்குல பசை இல்ல. புரட்டுனா புரளுது.

அம்மா வரலக்கா.

இல்ல, சாகல. செத்திருந்தாத்தான் சரின்னு இருந்திருக்கலாமே. கண்ணியும் இல்ல கிண்ணியும் இல்ல. அந்தப் பக்கத்துல முழுக்க அம்மா குதிரைதான் வருது, முதல் தடவையா. மலைக்கு அந்தப் பக்கம், நல்ல புல்லு, வேற ஒரு கூட்டம். மேஞ்சுட்டிருக்கு. மொட்டை ஆத்தோரத்துலேருந்து கூப்புடுது, அந்தச் சத்தம் மலையத் தாண்டி இதுக்குக் கேக்குது. காத ஒரு தடவ ஆட்டுது. அப்புறம் குனிஞ்சு மறுபடி புல்லு திங்குது. அவ்ளோதான் அந்தப் பக்கம்.

முத்தம் எங்கன்னு தேடுனேன். ரெண்டு தடவ, மூணு தடவ படிச்சேன். அசிங்கமா ஒரு வார்த்தை கெடையாது. அப்போ எதுக்கு அத்தனை பசை? உக்காந்து யோசிச்சேன். லைப்ரரில குதிரைப் புக்கு எடுக்குற புள்ள நான் ஒருத்திதான், கார்டுல வரிசையா என் பேருதான் இருக்கும். பெஞ்சுல யாரு இருட்டுற வரைக்கும் உக்காந்திருப்பான்னு சிஸ்டருக்கும் தெரியும். அந்தப் பக்கத்த எனக்காகத்தான் ஒட்டிட்டாங்கக்கா அவங்க. ஒரு புள்ளைக்காக. பூனைக்கண்ணியும் பிரிச்சுப் படிச்சுட்டு, இஸ்திரி ரூம்ல நின்னு, எனக்காக ஒரு நொண்டிக் குதிரைய உண்டாக்கியிருக்கா. என்னத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

அவளத் தேடிப் புடிச்சேன், நம்பர் வாங்கி. எத்தனையோ வருஷம் கழிச்சு. அடியே, அந்தக் குதிரைப் புக்குல நீ படிச்சது வேற, எனக்குச் சொன்னது வேறதானேன்னு கேட்டேன். எந்தக் குதிரைடின்னா. ஏழு புக்குடி, கொம்பு வெச்ச குதிரைன்னேன். ஏய், எனக்கு ரெண்டு பசங்களோட ஸ்கூல் டைம் டேபிளே ஞாபகம் இல்லடி, குதிரையாம்ல குதிரைன்னு சிரிக்கிறா. நல்லா இருக்கியா, எவ்ளோ வெயிட் போட்டிருக்கன்னு கேட்டா. அப்புறம் குக்கர் சத்தம் போட்டுச்சு, வெச்சுட்டா. அவமேல தப்பு இல்ல. ஒரு தடவ ஒரு சின்னப் புள்ளைக்கு ஒரு பொய் சொன்னா, அத யாரு ஞாபகம் வெச்சுக்குவா. நான்தான் அதுல வருஷக்கணக்கா உக்காந்திருந்தேன்.

எங்கம்மாவா? வரல. அதத்தானேக்கா இவ்ளோ நேரம் சொல்லிட்டிருக்கேன். நல்லாத்தான் இருக்காங்களாம். மாமா என் கல்யாணத்தப்போ சொன்னாரு. வேற ஊரு, வேற வீட்டுக்காரரு, ரெண்டு பசங்க. நல்ல புல்லு.

இல்ல இல்ல, தண்ணி வேணாம். கண்ணு வேர்க்குது, அவ்ளோதான். நீங்க அப்படிப் பாக்காதீங்க. அம்மாவ நெனச்சு அழறேன்னு நெனக்கிறீங்க. அது இல்ல விஷயம்.

கதைல அப்புறம் குட்டிக்குக் கொம்பு மொளைச்சுடுது, யாரும் நக்காமலே, தானா. அது ஆத்தோரத்த விட்டுட்டுக் கெளம்புது. ரொம்ப அழகா எழுதியிருக்காங்க. சின்னப் புள்ளைல அத நான் படிச்சிருந்தா பெஞ்ச விட்டு எழுந்திருச்சிருப்பேன்னு தோணுது. ஆனா ஞாயித்துக்கெழமை எனக்கு மொட்டை மேல கண்ணே போகலக்கா. அதுக்கு முந்தின பக்கத்துக்கே திரும்பிப் போறேன். அந்த அம்மா குதிரை குனிஞ்சு மேயுது, அது கழுத்துல யாரும் தொங்கல, வயித்துக்கடில யாரும் முட்டல, சுத்தி சத்தமே இல்ல. அந்த வரியப் படிச்சதும் எனக்கு ஆத்திரம் வரணும் இல்லியா? அழுகை வரணும் இல்லியா? வரல. அப்பாடான்னு இருந்துச்சு. உடம்பு பூரா லேசாயி, அப்பாடா. இவ பக்கத்துல தூங்கிட்டிருந்தா, இவ மூச்சு என் கையில படுது, நான் அந்தப் புல்லு மேல நின்னுட்டிருக்கேன்.

அதனாலதான் நிக்கிறேன். உங்கமேல பயமில்லக்கா. சத்தியமா இல்ல. நீங்க மூக்கு தொடைக்கிற விதத்துலயே தெரியுது. எடம் சுத்தமா இருக்கு, சுவத்துல வாத்தெல்லாம் வரைஞ்சிருக்கீங்க. எனக்கு பயம் கதவுக்கு இந்தப் பக்கம்தான். எங்கம்மாவும் கெட்டவங்க இல்ல. திரும்பி வரணும்னு நெனச்சுத்தான் என்ன விட்டிருப்பாங்க. சிஸ்டர்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டே நின்னாங்க, போக மனசில்லாம. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் பஸ்ல ஏறி ஜன்னலோரமா உக்காந்திருப்பாங்க. மடி காலி. கை ரெண்டும் காலி. காத்து அடிச்சிருக்கும். அப்போதான் அந்த அப்பாடா அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நான் இப்போ அந்தப் பஸ்சுலதான் ஏறப் போறேன்.

நீங்க சொல்றது சரிதான். இவ்ளோ பயப்படுறவ வராம இருக்க மாட்டா. அப்படித்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிறேன். ஆனா நீங்க எனக்காக ஒண்ணு பண்ணுங்க. நான் வர வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே, அஞ்சரை மணிக்கே எனக்கு போன் போடுங்க. நான் எடுக்கலன்னா கடைக்குப் போடுங்க. அப்பவும் இல்லன்னா, யாரையாவது விட்டுத் தேடுங்க, திட்டுங்க, தெருவுல நிறுத்தி சட்டையப் புடிங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். இவ கேட்டா மட்டும், அம்மா இதோ வந்துட்டே இருக்காங்கன்னு சொல்லிடாதீங்க. தெரியலன்னு சொல்லுங்க. தெரியலம்மா, வா சாப்புடலாம்னு சொல்லுங்க. நான் வந்து இந்த வாசல்ல நின்னு, நீங்க கண்ணால பாத்தப்புறம் சொல்லுங்க வந்துட்டாங்கன்னு.

தாப்பாளப் போட்டுக்கோங்கக்கா. நான் கதவுலேருந்து கைய எடுத்துட்டேன்.